குழந்தைக்குத் திடீரென்று தூக்கிப்போடுகிறதா? வாசகர் கேள்விகள்

கேள்வி: பிறந்து 20 நாள்தான் ஆகிறது. தூங்கும்போது கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வலிப்பா?

எழுப்பிப் பாருங்கள். விழித்ததும் சட்டென்று நின்று, விழித்திருக்கும்போது ஒருமுறைகூட வராவிட்டால், அது பெரும்பாலும் தீங்கில்லாத தூக்கத் துடிப்பு. சில மாதங்களில் தானாகப் போய்விடும். அமுக்கிப் பிடிக்காதீர்கள், துடிப்பு கூடலாம். விழித்திருக்கும்போதும் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தத்தில் சர்க்கரை, கால்சியம் குறைந்திருக்கலாம்.

கேள்வி: ஆறு மாதப் பையன். தூங்கி எழுந்ததும் தலையைக் குனிந்து இரண்டு கையையும் விரிக்கிறான், அடுத்தடுத்துப் பத்துப் பதினைந்து முறை. வயிற்றுவலி என்கிறார்கள்.

இந்தக் கடிதம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஒவ்வொன்றும் ஓரிரு நொடி, சிறிய இடைவெளி, மறுபடியும் என்று வரிசையாக வருவது சிசு வலிப்பின் அடையாளம். சலாம் போடுவது போலிருப்பதால் 'சலாம் வலிப்பு' என்றும் சொல்வார்கள். 1841-இல் வில்லியம் வெஸ்ட் என்ற மருத்துவர் தன் சொந்த மகனிடம் பார்த்துத்தான் இதை முதலில் எழுதினார். பார்க்க அற்பமாக இருக்கும், அதுதான் ஆபத்து. சிரிப்பும் முகம் பார்ப்பதும் குறைந்திருக்கின்றனவா? குறையாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம், ஓரிரு நாளுக்குள் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்தாக வேண்டும், அதுவும் குழந்தை தூங்கும் நேரத்தையும் சேர்த்து. விழித்திருக்கும்போது மட்டும் எடுத்தது 'நார்மல்' என்று வந்தால் நம்பிவிடக் கூடாது. ஸ்டீராய்டு, ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி, விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்து என மருந்துகள் உண்டு. தாமதித்தால் வளர்ச்சிதான் அடிபடும்.

கேள்வி: ஆறு வயது மகள் ஓயாமல் கண்ணைச் சிமிட்டி, தோளைக் குலுக்குகிறாள். திட்டினால் கொஞ்ச நேரம் நிறுத்துகிறாள்.

அந்தக் 'கொஞ்ச நேரம் நிறுத்துவது'தான் துப்பு. வலிப்பை அப்படி அடக்க முடியாது. இது 'டிக்' (தன்னையறியாமல் திரும்பத் திரும்ப வரும் சிறு அசைவு) போலத்தான் தெரிகிறது. திட்டுவதை விடுங்கள், பெரும்பாலும் ஓராண்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் கை கால் ஒழுங்கில்லாமல் நெளிந்து, பிடித்த பொருளும் நழுவினால் காட்டுங்கள். தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் வாதக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

கேள்வி: எடுத்த எடுப்பில் ஸ்கேன் எடுத்துவிடலாமா?

முதலில் கைபேசியை எடுங்கள். பல நேரங்களில் ஸ்கேனைவிட ஒரு நிமிட வீடியோ எனக்கு அதிகம் சொல்லும். விளக்கைப் போட்டு, போர்வையை விலக்கி, முகமும் கை கால்களும் தெரியப் பதிவு செய்யுங்கள். நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ வீடியோ வேண்டாம், ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.