ரெயின் ஷவர் வாங்கறதுக்கு முன்னாடி டேங்க் உயரத்தைப் பாருங்க

கேள்வி: புதுசா வீடு கட்டிட்டிருக்கோம், கீழ்தளம் மட்டும்தான். அடுத்த வாரம் பாத்ரூம் பைப் வேலை ஆரம்பிக்குது. கடையில 8 இன்ச் ரெயின் ஷவர் பார்த்ததுல இருந்து பசங்க அதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. பிளம்பர் கன்சீல்டு டைவெர்ட்டர் (தண்ணியை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பி விடற, சுவருக்குள்ள புதைக்கற வால்வு) போடச் சொல்றார். மாமியாருக்கு மூட்டுவலி, வாளியில மொண்டு ஊத்தித்தான் பழக்கம். போர் தண்ணி, உப்பு ஜாஸ்தி. எந்த ஷவர் போடலாம்?
- வாசகி, நாமக்கல்

பதில்: ஷவர் எதுன்னு அப்புறம் பார்ப்போம்ங்க, உங்க டேங்க் எவ்ளோ உயரத்துல உக்காரப்போகுது? தண்ணி 33 அடி உயரத்துல நின்னாத்தான் கீழ 1 பார் (தண்ணி அழுத்தத்தை அளக்கற அளவு) பிரஷர் கிடைக்கும், உங்களுது ஒரே தளம், மொட்டை மாடியில 3 அடி மேடை கட்டி டேங்க் வச்சாலும் ஷவர் 7 அடியில இருக்கும்போது நடுவுல கிடைக்கிறது ஆறேழு அடி, டேங்க் ரொம்பியிருந்தா பத்தடி, அவ்ளோதான். அதாவது கால் பார் வந்தாலே பெருசு. பெரிய ரெயின் ஷவர்ல பெரும்பாலானதுக்கு 1 பார் பக்கம் வேணும், இல்லேன்னா நடுவுல மட்டும் சொட்டு சொட்டா ஒழுகும், தலை நனையும் தோள் நனையாது. கடையில சூப்பரா கொட்டுதேன்னா அங்க பம்ப் ஓடுது. டப்பாவுல மினிமம் பிரஷர்னு போட்டிருக்கும், அதைப் பார்க்காம காசு குடுக்காதீங்க.

பிரஷர் பம்ப் போட்டுக்கலாமேன்னு சொல்வாங்க. போடலாம், தப்பில்ல, ஆனா கரண்ட் போனாலும் தண்ணி வர மாதிரி பம்ப் வழியா போகாத ஒரு பைபாஸ் லைன் விடணும், கீசர் எத்தனை பார் தாங்கும்னு பார்த்து வாங்கணும். அதோட பெரிய ஷவர் நிமிஷத்துக்கு பத்துப் பன்னெண்டு லிட்டர் குடிக்கும், 15 லிட்டர் கீசர் வச்சா ரெண்டாவது ஆளுக்கு பச்சைத்தண்ணிதான்.

அதனால என் சாய்ஸ், சுவருக்கு வெளியவே தெரியற த்ரீ இன் ஒன் வால் மிக்ஸர், சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் கலந்து தர்ற குழாய். ஒரே பொருள்ல கீழ வாளிக்கு குழாய், கைக்கு ஹேண்ட் ஷவர், மேல 4 இன்ச் ஷவர் மூணும் வந்துரும். மாமியார் ஸ்டூல் போட்டு உக்காந்து ஹேண்ட் ஷவர்ல குளிக்கலாம், இல்ல பழக்கப்படி மொண்டு ஊத்திக்கலாம், யாரையும் மாத்தச் சொல்ல வேண்டியதில்ல. ஹேண்ட் ஷவரை மாட்டற கொக்கி ஒண்ணு உக்காந்தா கை எட்டற உயரத்துலயும் இருக்கட்டும். அவங்க எந்திரிக்கறதுக்கு சுவர்ல ஸ்டீல் கைப்பிடி ஒண்ணு கண்டிப்பா வைங்க, ஷவரை விட அது முக்கியம்னே சொல்வேன்.

கன்சீல்டு டைவெர்ட்டர் பார்க்க அழகுதான், மறுக்கல. ஆனா அது சுவருக்குள்ள புதைஞ்சு கிடக்கும், உப்புத்தண்ணியில உள்ள தண்ணியைத் திறந்து மூடற கார்ட்ரிட்ஜ் சீக்கிரம் இறுகிப்போகும், கார்ட்ரிட்ஜை வெளிய கழட்டி மாத்திரலாம், ஆனா பாடியிலயோ ஜாயின்ட்லயோ கசிஞ்சா டைல்ஸை உடைக்கறதைத் தவிர வழியில்ல, அதே டிசைன் டைல்ஸ் அப்போ கிடைக்கவும் கிடைக்காது. உங்க தண்ணிக்கு வேண்டவே வேண்டாம்.

ஷவர் தலை வாங்கும்போது ஓட்டைங்க சிலிகான் முனையோட இருக்கான்னு விரலால தொட்டுப் பாருங்க. உப்பு படிஞ்சா கட்டை விரலால தேய்ச்சாலே வெள்ளையா உதிர்ந்துரும். வெறும் ஸ்டீல் ஓட்டைன்னா ஊசி வச்சு குத்திட்டே இருக்கணும். ரொம்ப அடைச்சுக்கிட்டா பிளாஸ்டிக் கவர்ல வினிகர் ஊத்தி ஷவர் தலை அதுல முங்கற மாதிரி கட்டி ஒரு ராத்திரி விடுங்க, போதும்.

பிளம்பர்கிட்ட சொல்ல வேண்டியது, டேங்க்ல இருந்து இறங்கற லைன் 1 இன்ச்சுக்கு குறையவே கூடாது, ஷவர் பாயின்ட்கிட்ட மட்டும்தான் அரை இன்ச். தேவையில்லாத எல்போவும் (பைப்பைத் திருப்பற வளைவு) வேண்டாம். சுடுதண்ணி லைனுக்கு சூடு தாங்கற சிபிவிசி பிளாஸ்டிக் பைப்தான். பைப் போட்டு முடிச்சதும் டைல்ஸ் ஒட்ட விடாம, 7 அடி பாயின்ட்ல தண்ணியைத் திறந்து 15 லிட்டர் வாளி ரொம்ப எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாருங்க. ரெண்டு நிமிஷத்துக்குள்ள ரொம்பிச்சுன்னா சின்ன ஷவருக்கு தாராளம். அதுக்கு மேல ஆச்சுன்னா டேங்க் மேடையை இன்னும் 3 அடி தூக்கச் சொல்லுங்க, இப்பன்னா மேஸ்திரிக்கு அது பெரிய வேலையே இல்ல.