பழைய புல்லட்டின் அதிர்வும் வழியில் அணைந்துபோகும் மின்சாரமும்: வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டுமா?

நீங்கள் வாங்கியிருக்கும் வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350, மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிர்கிறது என்றும், மேடுபள்ளமான சாலையில் விளக்கு, ஹாரன், எஞ்சின் எல்லாம் ஒரே நொடியில் அணைந்து, சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் தானாகவே உயிர்பெறுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மெக்கானிக் சொல்வதுபோல் வயரிங் முழுவதையும் மாற்றிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். இவை இரண்டு கோளாறுகள் அல்ல. முதலாவதன் விளைவுதான் இரண்டாவது. அதிர்வைக் கவனிக்காமல் புது வயரிங் போட்டால், சில மாதங்களில் அதுவும் அதே இடங்களில் அறுபடத் தொடங்கும்.

இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் பயணப்படும் தூரம் 90 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது, உச்சியில் நின்று திரும்பும் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 450 மடங்கு. பிஸ்டனைக் கிராங்கோடு (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து இயங்குவதால் உண்மையில் அதைவிடவும் கூடுதல். பிஸ்டனும் அதனோடு சேர்ந்து ஏறி இறங்கும் பாகங்களும் அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், 220 கிலோவுக்கு மேற்பட்ட சுமைக்கு நிகரான விசை நொடிக்கு 50 முறை எஞ்சினை மேலே இழுத்துக் கீழே தள்ளுகிறது. கிராங்கில் எதிர்எடை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். பிஸ்டனின் விசை முழுவதற்கும் ஈடாக எதிர்எடை வைத்தால், கிராங்க் பக்கவாட்டில் திரும்பும்போது அந்த எடைக்கு ஈடுசெய்ய எதுவும் இருக்காது. மேலும் கீழுமான உலுக்கல் முன்னும் பின்னுமான உலுக்கலாக மாறும், அவ்வளவே. அதனால் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக ஈடுசெய்துவிட்டு மிச்சத்தைப் பொறுத்துக்கொள்வதே ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம். 2020இல் ராயல் என்பீல்டின் மீட்டியார் 350 வண்டியோடு வந்த புதிய 349 சிசி எஞ்சினில், கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழலும் சமநிலைத் தண்டு ஒன்றைச் சேர்த்துத்தான் இந்த மிச்சத்தையும் பெருமளவு நீக்கினார்கள். உங்கள் வண்டியில் அது கிடையாது. எந்த மெக்கானிக்காலும் அதைக் கொண்டுவரவும் முடியாது.

எனவே ஓரளவு அதிர்வு இந்த வண்டியின் இயல்பு. ஆனால் கை மரத்துப்போவது இயல்பு அல்ல. இந்த வண்டியில் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் (பிரேம்) இடையே ரப்பர் எதுவும் இல்லை. எஞ்சினே சட்டத்தின் கீழ்ப்பகுதிபோல முறுக்கப்பட்டிருக்கிறது. முன்பக்க, பின்பக்க எஞ்சின் பிளேட்டுகளின் போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்தாலும், சிலிண்டர் ஹெட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறிய பட்டை விட்டுப்போயிருந்தாலும் (பழைய வண்டிகளில் அதைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பதும் உண்டு), அதிர்வு பலமடங்காகத் தெரியும். அவற்றை முறுக்கிய பிறகு பின்சக்கரச் சங்கிலியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஓரிடத்தில் இறுக்கமாகவும் வேறோரிடத்தில் தொய்வாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக் பொறிவிடும் பற்றவைப்பு நேரம் முந்தி இருந்தாலும் எஞ்சின் கடுமையாகத் தட்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும் கை மரத்தால், வேகத்தைச் சற்றுக் குறைப்பதுதான் மிச்சமுள்ள மருந்து; ஏனென்றால் இந்த விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, 3000 சுற்று 4000 ஆகும்போது ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடுகிறது.

இந்த உலுக்கல் ஒயரை எங்கே தாக்குகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். 3000 சுற்றில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 1,80,000 உலுக்கல்கள். ஒரு கம்பியைக் கையால் மாறிமாறி வளைத்தால் அது பிடித்திருக்கும் இடத்தின் விளிம்பில்தான் முறியும், நடுவில் முறியாது. செம்பு ஒயரும் அப்படித்தான். டெர்மினல் என்னும் உலோக முனைக்குள் நுழையும் இடம், ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தின் ஓரம், சட்டத்தோடு இறுக்கிக் கட்டிய இடம், ஹேண்டில்பார் திரும்பும்போது மடங்கும் கழுத்துப்பகுதி, பெட்ரோல் டேங்குக்கு அடியில் விளிம்பில் உரசும் இடம் என்று பழுதுகள் ஒரு சில இடங்களிலேயே குவிந்திருக்கும். பத்துப் பதினைந்து இழைகள் கொண்ட ஒயரில் முக்கால்வாசி அறுந்த பிறகும் உறை முழுதாக இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலைபோன்ற உப்புக்காற்றுப் பகுதியில் ஓடிய வண்டியாக இருந்தால், இணைப்புகளுக்குள் பச்சை பூத்திருப்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

உங்கள் வண்டியில் எல்லாம் ஒரே நேரத்தில் அணைகின்றன என்பது நல்ல செய்தி. தேட வேண்டிய பாதை குறுகிவிடுகிறது. விளக்குக்கும் ஹாரனுக்கும் காயிலுக்கும் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) பொதுவாக இருப்பவை பேட்டரி முனைகள், பேட்டரியின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் எர்த் போல்ட், பியூஸ் பிடிப்பான், ஹெட்லைட்டின் மேற்கூட்டில் மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் அம்மீட்டர், சாவி சுவிட்ச் ஆகியவை மட்டுமே. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் அம்மீட்டர் வழியாகத்தான் மற்றவற்றுக்குப் போகிறது என்பதால், அதன் பின்புறத்திலுள்ள சிறிய நட்டு ஒன்று தளர்ந்தாலே வண்டி முழுவதும் இறந்துவிடும். இனி அணையும்போது வண்டியைத் தள்ளத் தொடங்குவதற்கு முன், சாவியைப் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டு அந்த முள்ளைப் பாருங்கள். அது கழித்தல் பக்கம் சிறிது சாயவேண்டும். நடுவிலேயே நின்றால் மின்னோட்டம் எங்கோ தடைப்பட்டிருக்கிறது. அம்மீட்டர் மீது சந்தேகம் வந்தால், பேட்டரியிலிருந்து எர்த்துக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, அம்மீட்டரின் இரு பக்க ஒயர்களையும் ஒரே முனையில் சேர்த்து நட்டை இறுக்கினால் போதும். மின்னோட்டம் மீட்டருக்குள் போகாமல் நேராகப் பாயும். முள் அசையாது, வண்டி வீடு சேரும்.

பழுதான இடத்தைத் தேட, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைவிட மலிவான ஒரு பல்பையே நான் நம்புவேன். ஒரே இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒயரும் மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அந்தக் கருவி ஏறத்தாழ மின்னோட்டமே எடுப்பதில்லை. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு நீள ஒயர்களைப் பொருத்திக்கொண்டால், அது 1.75 ஆம்பியர் கேட்கும்; பலவீனமான இணைப்பு அங்கே மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். எல்இடி விளக்கு இதற்கு உதவாது. ஒரு முனையை எர்த்தில் வைத்து, மறுமுனையால் பேட்டரி, பியூஸின் இரு பக்கம், அம்மீட்டரின் இரு பக்கம், சாவி சுவிட்சின் உள்ளும் வெளியும் என்று வரிசையாகத் தொட்டுச் செல்லுங்கள். ஒளி எங்கே குறைகிறதோ, அதற்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் இடையில்தான் பழுது. இடைவிட்டு வரும் கோளாறு என்பதால், ஒவ்வொரு இடத்திலும் ஒயரை லேசாக அசைத்துப் பார்ப்பது அவசியம். எர்த்தையும் மறந்துவிட வேண்டாம்: பேட்டரியின் எர்த்தோடு சேராத முனையிலிருந்து சட்டத்துக்குப் பல்பை வைத்தாலும் அதே ஒளி வரவேண்டும். 60 வாட் ஹெட்லைட் 5 ஆம்பியர் எடுக்கும்போது மோசமான எர்த்தில் ஒரு வோல்ட் வீணானால், ஒளியில் கிட்டத்தட்ட கால்பங்கு போய்விடும், அந்த இணைப்பும் சூடேறும்.

பியூஸ் எரிந்துபோனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டும் பழக்கத்தை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்; அப்போது பியூஸுக்குப் பதிலாக டேங்குக்கு அடியில் இருக்கும் ஒயர்தான் எரியும். எரிந்த பியூஸின் இடத்தில் அதே 21 வாட் பல்பை இணைத்துவிட்டு, சாவியைப் போட்டு, மற்ற சுவிட்சுகளையெல்லாம் அணைத்து வையுங்கள். காயில் மட்டும் மின்சாரம் எடுத்தால் பல்பு மங்கலாக எரியலாம்; எங்காவது ஒயர் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் முழு ஒளியோடு எரியும். பல்பு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் ஒயர் கருகாது. ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பியும் ஒயர்க்கட்டை அங்கங்கே தூக்கியும் பார்த்தால், உரசும் இடத்தைத் தொட்டதும் ஒளி சட்டென்று குறையும். அங்கே டேப் சுற்றிவிட்டுப் புது பியூஸைப் போட்டுக்கொள்ளலாம்.

விளக்கும் ஹாரனும் இருக்க, எஞ்சின் மட்டும் அணைந்தால் கதை வேறு. பாயிண்ட் (காயிலின் மின்னோட்டத்தைத் துண்டித்து இணைக்கும் தொடுமுனைகள்) உள்ள வண்டியானால் அவற்றின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். சற்றுத் தடித்த விசிட்டிங் கார்டு வழியில் அளவுகோலாகவும் துடைப்பானாகவும் பயன்படும். பாயிண்டில் பெரிய நீலப்பொறி தாவினால், அந்தப் பொறியை அடக்கும் கண்டன்சர் போய்விட்டது என்று கொள்ளலாம். அதற்கு வழியில் வைத்தியம் கிடையாது, கையில் ஒன்று இருக்கவேண்டும்.

அறுந்த ஒயரை இணைக்கும்போது, இரு முனைகளின் செம்பையும் பளபளப்பாகச் சுரண்டி, ஒன்றின்மேல் ஒன்று நெருக்கமாக முறுக்கி, டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈயம் வைக்கத்தான் தோன்றும். ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒயரை விறைப்பாக்கும், அந்த விறைப்பு முடியும் ஓரத்தில் அதிர்வு மறுபடி அறுக்கும். அழுத்திப் பிடிக்கும் டெர்மினலே இந்த வண்டிக்கு ஏற்றது. டெர்மினலிலிருந்து மூன்று விரல் தொலைவில் ஒயரைச் சட்டத்தோடு கட்டிவிட்டு, இடையில் சிறிது தொய்வு விட்டால் ஆட்டம் இணைப்பை எட்டாது. என் வண்டியில் கூடுதல் விளக்கு பொருத்திய ஒரு கடையில், பிரதான ஒயரின் உறையைக் கத்தியால் கீறி அதன்மேல் வெறும் ஒயரைச் சுற்றி விட்டிருந்தார்கள். ஒரு மழைக்காலத்தைக்கூட அது தாண்டவில்லை. உங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் இப்படி எதையாவது சேர்த்திருக்கிறாரா என்று ஹெட்லைட் கூட்டைத் திறந்து பார்ப்பது, வயரிங் மாற்றுவதைவிட மலிவான வேலை.

முதலில் எஞ்சின் போல்ட்டுகளையும் ஹெட் பட்டையையும் முறுக்கி, பேட்டரி முனை, எர்த், அம்மீட்டர் நட்டுகளைச் சுரண்டி இறுக்கிவிட்டு, அணைந்துபோகும் அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால், சாவியைப் போட்ட நிலையில் இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் சாவி சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும். ஒயர்க்கட்டின் டேப்பைப் பிரித்து உறையை வளைக்கும்போது அது மிட்டாய்த் தாள்போல் நொறுங்கினாலோ, செம்பு உள்ளே வெகுதூரம் கறுத்திருந்தாலோ மட்டும் உங்கள் மெக்கானிக் சொல்வதற்குச் சம்மதியுங்கள்.