வாசகர் கேள்வி – பதில்: காணி மக்களும் அரசு அலுவலகங்களும்

கேள்வி: கனடா அரசு பூர்வகுடி மக்களுடன் நடந்துகொள்ளத் தனி நெறிகள் வகுத்திருப்பதாகப் படித்தேன். பேச்சிப்பாறை மலைப்பகுதியில் வாழும் காணிப் பழங்குடி மக்கள் விஷயத்தில் நம் அதிகாரிகளுக்கு அப்படி ஏதேனும் உண்டா, ஐயா?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: உண்டு, சட்டமாகவே உண்டு. கனடா 2017-இல் வெளியிட்ட பத்து நெறிகளுள் எனக்கு முதன்மையாகப் படுவது ஆறாவது: பூர்வகுடிகளின் உரிமையைத் தொடும் எந்தச் செயலில் இறங்குமுன்னும், முழு விவரத்தையும் அவர்களிடம் சொல்லி, வற்புறுத்தலின்றி அவர்களது இசைவைப் பெற அரசு முயல வேண்டும். இதே கருத்தைச் சொன்ன 2007-ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனத்தைக் கனடா எதிர்த்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது.

நம் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், யாருக்கு எந்த நிலத்தில் உரிமை என்று தீர்மானிக்கும் பணியைத் தொடங்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே தந்திருக்கிறது. கையில் ஒரு காகிதமும் இல்லாத குடும்பத்துக்கும், ஊர் மூத்தவர்கள் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலம், முன்னோரைப் புதைத்த இடம், பழைய கிணறு, வழிபாட்டிடம் ஆகியவை சான்றாகும். ஏட்டில் ஏறாத வரலாற்றையும் அரசு ஏற்கிறதே, அதைத்தான் நான் மரியாதை என்பேன்.

சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். ரப்பர் பால் வெட்டும் காலை நேரத்தில், மலையிலிருந்து இறங்கி வரவேண்டிய இடத்தில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? குடியிருப்பின் தலைவரான மூட்டுக்காணியிடம் நாள் கேட்டு, பெண்கள் வேலை முடித்து வந்து உட்காரும் நேரத்தில் குடியிருப்பிலேயே கூட்டி, தீர்மானத்தை உரக்க வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு நிரப்பினால் அது இசைவே அல்ல.

இதே அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில், காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் செடியிலிருந்து மருந்து செய்து, உரிமக் கட்டணத்தில் பாதியை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். பாராட்டத்தக்க ஏற்பாடுதான், ஆனாலும் எல்லாரையும் முன்கூட்டிக் கேட்கவில்லை என்ற மனக்குறை காணிகளுக்குள்ளேயே எழுந்தது. பணத்தில் பங்கு தருவதால் கேட்காத குறை தீர்ந்துவிடாது.

உங்களுக்குத் தெரிந்த யாருடைய வன உரிமை மனுவாவது தள்ளப்பட்டிருந்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கிராம சபையின் தீர்மானத்தை ஆராயும் உட்கோட்ட அளவிலான குழுவின் முடிவு பாதகமானால் 60 நாட்களுக்குள் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். சரிபார்ப்பு முழுவதும் முடியும்வரை அந்த நிலத்திலிருந்து அவர்களை வெளியேற்றச் சட்டம் அனுமதிப்பதில்லை.