விதிப் புத்தகம் இல்லாமல் தனியாக ரோல்பிளேயிங் கேம் ஆடினால் அது விளையாட்டாகுமா?

(ரோல்பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்பிஜி, என்றால் ஒரு கற்பனைப் பாத்திரமாக இருந்து கதையை நகர்த்தும் ஆட்டம். என்ன நடக்கும் என்பதை வழக்கமாக விதிகளும் பகடையும் முடிவு செய்யும். அந்த விதித் தொகுப்புதான் சிஸ்டம்.) கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: "சோலோ ஆர்பிஜி ஆடுகிறேன். சிஸ்டம் இல்லை, பகடை இல்லை, கொப்பியும் பேனாவும் மட்டும். எனக்கு நானே கதை சொல்லிக்கொள்வதுபோல் இருக்கிறது. இதை கேம் என்று சொல்லலாமா?"

சொல்லலாம். ஆனால் யாரோ உங்களிடம் "அது கேம் இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள், அதுதான் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இப்படி ஒரு கேள்வி வராது. எனக்கும் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் எட்டுப் பேர் இருந்த ஒரு குழுவில் என் கொப்பியின் நான்கு பக்கங்களைப் படம் எடுத்துப் போட்டேன். "தம்பி, இது கட்டுரை. கேமுக்கு சிஸ்டம் வேணும்" என்று ஒருவர் எழுதினார். மற்ற ஆறு பேரும் அதற்கு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அன்றிரவே குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இதைப் படித்துவிட்டு "இவனுக்கு விதிகள் புரியாது, அதனால்தான்" என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நான் விதிகளோடுதான் ஆரம்பித்தேன். கொழும்பில் ஒரு கடையில் கணக்கு வேலை. 2022 மார்ச்சில் கடையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், நானும் மலையகத்தில் மஸ்கெலியா பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். ஃபோனில் 300 பக்க ஆங்கில விதிப் புத்தகம் ஒன்று இருந்தது. இருபது டாலர் புத்தகம். அந்த ஆண்டு ஆரம்பத்தில் 4000 ரூபாய், மே மாதம் 7000 ரூபாய்க்கு மேல். நல்லவேளை, முதலிலேயே வாங்கியிருந்தேன். ஆனால் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. ஆட்டத்தில் என் பாத்திரமான தபால்காரன் ஆற்றில் இறங்கிய நேரம் பார்த்து ஃபோன் செத்துவிட்டது. நீந்துவதற்கு எந்த அட்டவணையைப் பார்ப்பது, எத்தனையைக் கூட்டுவது, ஒன்றும் ஞாபகம் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் சீ.ஆர். கொப்பியை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டு போனேன். அதன்பிறகு அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

தபால்காரன் யார் என்று சொல்ல வேண்டும். மவுசாக்கலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் நீருக்குள் போனது தெரிந்திருக்கும். 1960களின் கடைசி. கடும் வெயில் காலத்தில் நீர் இறங்கினால் கோயிலின் மிச்சமும் பள்ளிவாசலின் மிச்சமும் சேற்றுக்கு மேலே தெரியும், சனம் போய்ப் பார்க்கும். என் ஆட்டத்தில் அந்த டவுன் இன்னும் நீருக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் வர மூன்று வாரம். ஆட்கள் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். தபால்காரனின் பையில் பதினான்கு கடிதங்கள்.

முதல் வாரம் படுமோசம். ஒரே இரவில் ஐந்து கடிதங்களைக் கொடுத்துவிட்டேன். கதவைத் தட்டினால் ஆள் வீட்டில் இருக்கிறார். ஆற்றில் இறங்கினால் தண்ணீர் முழங்கால் அளவு. எனக்கு எது வேண்டுமோ அதையே நான் எழுதிக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் இதுதான் நடக்கிறது என்று ஊகிக்கிறேன்: தனியாக ஒரு அறை, ராத்திரி நேரம், உங்கள் பாத்திரம் போகிற இடமெல்லாம் வெற்றி, பத்தாவது பக்கத்தில் கொட்டாவி. விதி இல்லாததால் வந்த சலிப்பு என்று இதை நினைக்காதீர்கள். "முடியாது" என்று சொல்ல எதிரே ஒருவரும் இல்லை, அதனால் வந்த சலிப்பு. பகடை அந்த வேலையைத்தான் செய்கிறது. பகடைக்குப் பதில் வேறு எதுவும் அதைச் செய்யலாம்.

எனக்கு அதைச் செய்தது அம்மா. தற்செயலாகத்தான். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டேன்: "அம்மா, மழை நேரத்துல ஓயாவத் தாண்டி அந்தப் பக்க லயத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?"

"மழையில யாருடா தாண்டுவா? சுத்தித்தான் போகணும். நீ போய்ச் சேர்றதுக்குள்ள பிரட்டு கலைஞ்சிரும். லயத்துல ஒரு ஆளும் இருக்காது, எல்லாம் மலையில நிக்கும்."

(ஓயா என்றால் சிற்றாறு. லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பிரட்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுவது.) ஆறாவது கடிதம் அன்று கொடுபடவில்லை. தபால்காரன் மலையேறி கொழுந்து நிரை நிரையாகத் தேடினான், கங்காணியிடம் ஏச்சு வாங்கினான், கால் முழுக்க அட்டை. இதில் ஒன்றைக்கூட நான் யோசித்திருக்கவில்லை. முப்பது வருடம் கொழுந்து எடுத்த ஒருவருக்கு மழையில் எந்த வழி போகும், எந்த நேரத்தில் யார் எங்கே இருப்பார்கள் என்று தெரிவதுபோல் எந்த அட்டவணைக்குத் தெரியும்?

இது என் கண்டுபிடிப்பு இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பிரஷ்ய இராணுவ அதிகாரிகள் பயிற்சிக்கு ஆடிய போர் விளையாட்டுக்கு ரைஸ்விட்ஸ் என்பவர் 1824இல் விதிகளும் பகடை அட்டவணைகளும் எழுதினார். போகப்போக விதிகள் பெருத்து ஆட்டம் ஊர்ந்தது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி அட்டவணைகளைத் தூக்கி ஓரம் வைத்தார். போரைக் கண்டு அனுபவப்பட்ட நடுவர் ஒருவர் "இது நடக்கும், இது நடக்காது" என்று சொன்னால் போதும் என்றார். விற்பனைக்கு வந்த முதல் ரோல்பிளேயிங் கேமான டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது 1974இல்தான். சிஸ்டம் இல்லாமல் ஆடுவது ஏதோ நேற்று முளைத்த சோம்பேறித்தனம் என்று பேசுகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். "அவர்களுக்கு நடுவர் இருந்தார், நீ தனியாக ஆடுகிறாய்" என்பார்கள். என் நடுவர் அடுப்பங்கரையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். தான் நடுவர் என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வயதைப் பற்றியும் யாராவது பேசுவார்கள், இந்த வயதில் இதெல்லாமா என்று. 1845இல் ஆங்கில நாவலாசிரியர்கள் எமிலி பிரான்டியும் தங்கை ஆனும் இங்கிலாந்தின் யார்க் நகருக்கு ஒரு பயணம் போனபோது, தாங்கள் சிறுவயதில் உருவாக்கிய கோண்டல் நாட்டின் பாத்திரங்களாகவே வழியெல்லாம் நடித்துக்கொண்டு போனார்கள். எமிலிக்கு 26, ஆனுக்கு 25. எமிலியே தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். (குறிலாகக் கொண்டல் என்று எழுதினால் தமிழில் மழைமேகம். எங்கள் பக்கத்துக்கு அதுவே பொருத்தம்.) சிலர் இங்கே மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்தை இழுத்து வருவார்கள், "நம்மிடமும் வேடம் கட்டும் மரபு இருக்கிறதே" என்று. தயவுசெய்து வேண்டாம். அது நேர்த்தி. ரதியாக வேடம் கட்டுகிறவருக்கு விரதம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, வாத்தியார் இருக்கிறார். என் கொப்பியை அதோடு வைத்துப் பேச எனக்கு வாய் வராது.

அம்மா தூங்கிய பிறகு எதிர் மலையைப் பார்த்து முடிவு செய்தும் ஆடியிருக்கிறேன். நிமிர்ந்து பார்க்கும்போது எதிர் லயத்து வெளிச்சம் தெரிந்தால் ஆமாம், பனி மூடியிருந்தால் இல்லை. மஸ்கெலியாவில் ஜூன் மாதம் இதை முயற்சி செய்யாதீர்கள். எல்லாமே "இல்லை"தான்.

ஒரு மாதம் கழித்து அம்மா கண்டுபிடித்துவிட்டார். "யாருடா அந்தத் தபால்காரன்? தெனமும் அவன் போக்குவரத்தையே கேக்குற?" சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "லயத்துக்கு வந்து கையில குடுப்பானா, ஆபீஸ்ல போட்டுட்டுப் போயிருவானா?" என்று கேட்டார்.

இதை மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் காம்பராவுக்கு (லயத்து வீட்டுக்கு) இலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் எழுதினால் கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யார் கையிலாவது வர வேண்டும். எங்கள் டிவிஷனில் என் பெயரில் மூன்று பேர். ஒரு பயிற்சி நெறிக்கு விண்ணப்பித்திருந்தேன், 14ஆம் திகதி நேர்முகப் பரீட்சை, கடிதம் என் கைக்கு வந்தது 19ஆம் திகதி. செக்ரோல் (வேலையாட்கள் பதிவு) புத்தகங்களுக்கு அடியில் கிடந்ததாம். கொண்டு வந்து கொடுத்தவர் "இது அவசரமா இருந்துச்சா?" என்று கேட்டார். அந்த ஆபீசில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அப்பாதான் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. முகவரி என்பது கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு படிவத்தின் இரண்டாவது வரி. எங்களுக்கு அப்படியில்லை. இதற்கும் கேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தெரியாது. ஏன் தபால்காரனைத் தேர்ந்தெடுத்தாய் என்று யாரும் என்னிடம் அதுவரை கேட்டிருக்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விதி வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். ஆனால் உங்களுக்கு வெளியே இருக்கிற யாரிடமாவது, எதனிடமாவது கேளுங்கள். உங்கள் பாத்திரத்துக்கு என்ன நல்லது என்பதை அவரிடம் சொல்லாமல் கேளுங்கள். வருகிற முதல் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் தடவை கேட்கக் கூடாது. இதுவும் ஒரு விதிதானே என்று அந்தக் குழுக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

என் ஆட்டம் இன்னும் முடியவில்லை. நான் கொழும்புக்குத் திரும்பி வேலைக்கு வந்தாயிற்று, லீவில் போகும்போது மட்டும் கொப்பியை எடுப்பேன். பதின்மூன்று கடிதங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. கடைசிக் கடிதம் பணிய (கீழ்ப்பக்க) லயத்தில் தனியாக இருக்கும் ஒரு கிழவருக்கு. கதவும் திறந்தாயிற்று, கையில் கொடுத்தும் ஆயிற்று. முடிந்தது என்று நினைத்துக் கோடு போடப் போனேன்.

"அந்தாளுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்றார் அம்மா.

தெரியாது. அப்படியானால் தபால்காரன்தான் பிரித்து வாசித்துக் காட்ட வேண்டும், அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். தீபாவளி லீவிலிருந்து அந்த இடத்திலேயே நிற்கிறேன். போன வாரம் ஃபோனில் அம்மாவிடமே கேட்டுப் பார்த்தேன், கடிதத்தில் என்ன இருக்கும் என்று.

"அடுத்தவங்க கடுதாசிய நான் ஏன்டா பிரிக்கணும்?" என்றார்.