யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு வரியின் முதல் சில எழுத்துகளை மட்டும் நீக்குவது எப்படி?

"607001 கடலூர்", "605001 புதுச்சேரி" என்று வரிக்கு ஓர் ஊராக, 'ஊர்கள்' என்ற பெயரில் ஒரு கோப்பு. பின்கோடு வேண்டாம், ஊர்ப்பெயர் போதும். இதற்கென்றே இருப்பது கட் (cut) கட்டளை: ஒவ்வொரு வரியிலும் நாம் சொல்லும் இடத்திலிருந்து மட்டும் எடுத்துக் காட்டும்.

'கட் -சி8- ஊர்கள்' என்று கொடுங்கள்; கட்டளையை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் (cut -c8-), அடுத்துக் கோப்பின் பெயர். ஆறு இலக்கமும் ஓர் இடைவெளியும் சேர்ந்து ஏழுதானே, ஏன் 8? எத்தனை போகவேண்டும் என்று கட் கேட்பதில்லை. எதிலிருந்து மிச்சம் வைக்கவேண்டும் என்றே கேட்கிறது. முதல்தடவை எல்லோரும் இடறுவது இங்கேதான்.

நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பை நுனி சேர்த்து அடுக்கி, ஒரே கோட்டில் அரிவாளை இறக்குவது போலத்தான். நெட்டை, குட்டை எதையும் கட் பார்க்காது. இடத்தை மட்டும் எண்ணும். அதனால் முன்னால் உள்ள எண்ணின் நீளம் வரிக்கு வரி மாறினால் செட் (sed) கட்டளைதான் சரி. 'தொடக்கத்தில் உள்ள இலக்கங்களை நீக்கு' என்று அதனிடம் சொல்லலாம்.

வெட்டுவது தமிழெழுத்து என்றால் உஷார். யூனிக்ஸ் போன்ற லினக்ஸின் கட் பெரும்பாலும் எழுத்தை அல்ல, பைட் என்ற சேமிப்பு அலகைத்தான் எண்ணும்; எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' மூன்று பைட், 'கு' ஆறு. நடுவில் வெட்டுப்பட்டால் குப்பைக் குறிகள்தான் வரும்.

அப்புறம், கட் மூலக்கோப்பையே மாற்றிவிடும் என்று பலர் நினைப்பது தவறு: விடை திரையில்தான் வரும், அதை வேறு பெயரில் சேமியுங்கள், அதே கோப்புக்குத் திருப்பிவிட்டால் கட் படிக்குமுன்பே ஷெல் (நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) அதைக் காலி செய்துவிடும்.