கடவுளின் தன்மையைக் கேள்வி கேட்டுக்கொண்டே ஒரு மத அமைப்பில் இருக்க முடியுமா? அமைப்பாகிவிட்ட மதத்தால் பயன் உண்டா?

நீங்கள் இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். கடவுள் எப்படிப்பட்டவர் என்பது ஒன்று. அவர் பெயரால் நடக்கும் அமைப்பு வைத்துக்கொள்ளத் தக்கதா என்பது இன்னொன்று. இரண்டும் பின்னிக்கொண்டு கிடப்பதால்தான் பலருக்குத் தூக்கம் போகிறது. அமைப்புக்குள் ஓர் அயோக்கியத்தனத்தைப் பார்த்தவர் 'கடவுளே இல்லை' என்கிறார். அதே அமைப்பு செய்த நல்ல காரியத்தைப் பார்த்தவர் 'அப்படியானால் கடவுள் உண்டு' என்கிறார். கணக்குப்பிள்ளை திருடினான் என்பதால் முதலாளி இல்லாமல் போய்விட மாட்டார். கணக்கு சரியாக இருப்பதால் முதலாளி இருக்கிறார் என்றும் ஆகாது. ஆகவே இரண்டையும் பிரித்து, தனித்தனியாகச் சோதியுங்கள்.

'முடியுமா' என்று கேட்டிருப்பதால், வீட்டிலோ சபையிலோ இதை வாய்விட்டுக் கேட்க இடமில்லாத நிலையில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நாத்திகத்துக்கு ஆள் சேர்ப்பதற்காக இதை எழுதவில்லை, ஆத்திகத்துக்காகவும் இல்லை. 'பெரியவர்கள் சொன்னதைக் கேள்வி கேட்க நீ யார்' என்று வருபவர்களுக்கு ஒரே பதில்தான். கீழே வரும் கேள்விகளில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாம் பெரியவர்கள் கேட்டவை.

முதலில் ஒரு தாளை எடுங்கள். 'கடவுள்' என்ற சொல்லைத் தொடாமல், நீங்கள் ஏற்கவோ மறுக்கவோ நினைக்கும் அந்த ஒன்றை வரிவரியாக எழுதுங்கள். பெரும்பாலானோருக்கு ஐந்து வரி வரும். உலகைப் படைத்தது. எல்லாம் வல்லது. எல்லாம் அறிந்தது. நல்லது, நம்மேல் அக்கறை உள்ளது. கூப்பிட்டால் கேட்பது. எண் போட்டு வையுங்கள், பிறகு அது மிகவும் உதவும். ஒவ்வொரு வாதமும் இந்த ஐந்தில் ஒன்றிரண்டைத்தான் தொடும். எல்லா வரியையும் ஒரே அடியில் நிலைநாட்டும் வாதமும் கிடையாது, வீழ்த்தும் வாதமும் கிடையாது.

முதல் வரிக்குப் பழைய ஆதாரம் குடமும் குயவனும். குடம் ஒரு காரியம், அதாவது உண்டாக்கப்பட்டது; அதற்குக் குயவன் என்ற கர்த்தா, அதாவது செய்தவன், உண்டு. உலகமும் காரியம், ஆகவே அதற்கும் கர்த்தா உண்டு என்பது நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபின் வாதம். அந்த மரபின் அறிஞர் உதயணர் தம் நியாயகுசுமாஞ்சலி நூலில் இதை மிகக் கூர்மையாக வைத்தார். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவும் தோன்றி நின்று ஒடுங்கும் உலகிலிருந்து அதை நடத்தும் ஒருவனுக்குப் போகும் வழிதான். இதற்கு 7ஆம் நூற்றாண்டிலேயே பௌத்தரான தர்மகீர்த்தி ஒரு புற்றைக் காட்டிப் பதில் சொன்னார். புற்றை ஒருமுறை குனிந்து பாருங்கள். ஈரத்தில் குழைத்து இறுகிய மண். வெளியே கெட்டிச் சுவர், உள்ளே கிளை பிரியும் வளைகள். குடத்தைப் போலவே வடிவம் பெற்ற மண்தான், ஆனால் குயவன் கை அதில் படவில்லை. வடிவுள்ள மண்ணுக்கெல்லாம் குயவன் உண்டு என்றால் புற்றுக்கும் ஒரு குயவனைச் சொல்ல வேண்டிவரும் என்றார் அவர். குடத்தைப் பார்த்ததும் குயவன் நினைவுக்கு வருவதற்குக் காரணம், குயவர் வனைவதை நாம் பார்த்திருக்கிறோம். உலகங்கள் வனையப்படுவதை யாரும் பார்த்ததில்லை. ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் எழுதி, அவர் இறந்து மூன்றாண்டு கழித்து 1779இல் வெளியான உரையாடல் நூலிலும் வாதத்தின் முதுகெலும்பு இதுவேதான்.

'புற்றைக் கறையான் கட்டியதுதானே' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல மறுப்பு. ஆனால் அதை ஏற்றால் கிடைப்பவை, முழு வரைபடம் எதையும் மனதில் வைத்திராத எண்ணற்ற சிற்றுயிர்கள். ஒருவனே ஆன, எல்லாம் அறிந்த கர்த்தா அங்கே கிடைக்கவில்லை. வாதம் தடம் மாறும் இடமும் இதுதான், கவனமாக இருங்கள். ஏதோ ஒரு முதற்காரணத்துக்கு வாதாடிவிட்டு, கடைசியில் கூப்பிட்டால் கேட்பவரைக் கையில் கொடுத்துவிடுவார்கள். முதல் வரி நிரூபணமானால் முதல் வரிக்கு மட்டும் குறி போடுங்கள். ஐந்தாம் வரிக்கு அதைக் கடன் கொடுக்காதீர்கள்.

இரண்டு, மூன்று, நான்காம் வரிகள் சேர்ந்து நிற்கும் இடத்தில்தான் பெரிய இடி. உலகில் உள்ள தீமையைக் கடவுள் தடுக்க நினைத்தும் முடியாதவரா, முடிந்தும் நினைக்காதவரா என்ற கேள்வி கிரேக்கத் தத்துவ அறிஞர் எபிகூரஸ் பெயரால் வழங்குவது. தத்துவ அறிஞர் ஜே. எல். மக்கி 1955இல் இதைத் தர்க்க முரணாகவே வைத்தார்: வல்லமை, நன்மை, தீமை மூன்றும் ஒருங்கே இருக்க முடியாது. நம்பிக்கையாளரான தத்துவ அறிஞர் ஆல்வின் பிளான்டிங்கா 1974இல் அதற்குத் தந்த பதில் வலுவானது. சுதந்திரமாக முடிவெடுக்கும் உயிர்களைப் படைத்துவிட்டு, அவை ஒருபோதும் தவறே செய்யாதபடி பார்த்துக்கொள்வது சர்வவல்லமைக்கும் இயலாத காரியமாக இருக்கலாம் என்றார். தர்க்க முரண் என்ற கடுமையான குற்றச்சாட்டு இதோடு தளர்ந்துவிட்டது என்று எதிர்ப்பக்கத்திலேயே பலர் ஒப்புக்கொண்டார்கள். மறுப்பவர்கள் இந்த இடத்தை மறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. இன்னொரு தத்துவ அறிஞர் வில்லியம் ரோ 1979இல் ஒரு மான்குட்டியைக் கொண்டுவந்தார். தொலைவான ஒரு காட்டில் மின்னல் விழுந்து தீப்பிடிக்கிறது. குட்டி அகப்பட்டு, உடல் வெந்து, சாவு வரும்வரை பல நாள் துடிக்கிறது. யாரும் பார்க்கவில்லை, யாரும் அதிலிருந்து பாடம் கற்கவில்லை, யாருடைய சுதந்திரமும் அதில் சம்பந்தப்படவில்லை. அந்தப் பல நாளைச் சில நிமிடமாகச் சுருக்கியிருந்தால் எந்த நன்மை கெட்டிருக்கும்? இதற்கு நம்புபவர் தரும் நேர்மையான பதில், 'நமக்குத் தெரியாத காரணம் இருக்கலாம்' என்பதுதான். அது தப்பித்தல் அல்ல, உண்மையிலேயே ஒரு நிலைப்பாடு. அதற்கு விலை ஒன்று உண்டு. அவருடைய காரணங்கள் நமக்கு எட்டாதவை என்றால், நேற்று நடந்த நல்லதை 'இது அவர் எனக்காகச் செய்தது' என்று சொல்லும் உரிமையும் போய்விடும்.

வினைக் கொள்கை வேறு வழியில் வருகிறது. வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்மசூத்திரம் (2.1.34) பாரபட்சம், கொடுமை என்ற இரண்டு குற்றச்சாட்டையும் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டு, உயிர்களின் வினையைப் பொறுத்தே அவர் தருகிறார் என்கிறது. முதல் வினை எங்கிருந்து வந்தது என்பதற்கு அடுத்த சூத்திரம் 'அது அநாதி', அதாவது தொடக்கமற்றது, என்கிறது. சைவ சித்தாந்தம் இன்னும் தெளிவு: பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி, உயிரையும் அதை மறைக்கும் ஆணவம் என்ற தளையையும் இறைவன் உண்டாக்கவில்லை. இங்கே உங்கள் தாளைத் திருப்பிப் பாருங்கள். முதல் வரியை 'இல்லாததிலிருந்து படைத்தது' என்று எழுதினீர்களா, 'இருப்பதைக் கொண்டு நடத்துவது' என்று எழுதினீர்களா? முன்னதாக இருந்தால் மான்குட்டி நேராக அவர் வாசலில் வந்து நிற்கும். பின்னதாக இருந்தால் அந்த அடி தணியும், ஆனால் 'எல்லாம் வல்லது' என்ற இரண்டாம் வரியைக் கொஞ்சம் சுருக்கி எழுத வேண்டியிருக்கும். ஒரு மதத்தின் பதிலைக் கொண்டுபோய் இன்னொரு மதத்தின் கடவுளுக்கு ஒட்டுவதால்தான் பாதி விவாதம் வீணாகிறது. வினைக் கொள்கையின் நடைமுறைக் கேடும் சொல்லப்பட வேண்டும். அடிபட்டவனைப் பார்த்து 'உன் வினை' என்று சொல்ல அது மிகச் சுலபமான வாய்ப்பைத் தருகிறது, அப்படிச் சொல்பவர்கள் ஏராளம்.

இந்த இடத்தில் ஒரு மனக்குறை, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். 'கடவுள்' என்ற சொல்லைக் கட, உள் என்று பிரித்துக் காட்டி, பார்த்தாயா என்று முடிப்பவர்கள் ஒருபுறம். 'ஆற்றலை ஆக்கவும் அழிக்கவும் முடியாது, அதுதான் கடவுள்' என்பவர்கள் இன்னொரு புறம். சொல்லைப் பிரித்தால் அந்தச் சொல்லின் பொருள் தெரியலாம், அந்தப் பொருள் இருக்கிறதா என்பது தெரியாது. ஆற்றல் என்பது ஜூலில் கணக்கிடும் அளவு. அதற்கு விருப்பம் கிடையாது, செவி கிடையாது, உங்கள் தாளில் நான்கும் ஐந்தும் அதற்குப் பொருந்தவே பொருந்தா. அறிவியலையும் கெடுத்து, பக்தியையும் கெடுக்கும் வேலை இது. இதோடு, தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் நான்கு வேலை செய்கிறது: உண்மை என்று கருதுவது, ஒருவர்மேல் பாரத்தைப் போடுவது, நல்லது நடக்கும் என எதிர்பார்ப்பது, ஒரு மதத்தைச் சேர்ந்திருப்பது. 'எனக்கு நம்பிக்கை போய்விட்டது' என்று ஒருவர் சொன்னால் நான்கில் எது போனது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் போயிருக்கும்.

இனி அமைப்பு. இதற்குத் தனித் தாள்.

பயன் உண்டா என்றால், அளந்து பார்த்த ஆய்வே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சேர்ந்து வாழ்வதற்காக அமைத்த 83 குடியிருப்புகளை ஆய்வாளர்கள் ரிச்சர்ட் சோசிஸும் எரிக் பிரெஸ்லரும் 2003இல் ஒப்பிட்டார்கள். உணவு, உடை, சொத்து என்று உறுப்பினர்மேல் கட்டுப்பாடு கூடக்கூட, மத அடிப்படையில் அமைந்தவை நீண்ட காலம் நிலைத்தன. மதச்சார்பற்றவற்றில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. ஆக, ஆட்களைச் சேர்த்துப் பிடித்துவைக்கும் சக்தி மதத்துக்கு உண்டு. பிடித்துவைத்து என்ன செய்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

இரண்டு எடுத்துக்காட்டை அருகருகே வையுங்கள். 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமைமுறைக்கு எதிராக ஒரு விண்ணப்பம் எழுதி, தங்கள் சபைக்குக் கொடுத்தார்கள்; அது குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபை. மாதக்கூட்டம் அதைக் காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது, அது ஆண்டுக்கூட்டத்துக்குத் தள்ளியது, அங்கே கிடப்பில் போட்டார்கள். அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று பிலடெல்பியா ஆண்டுக்கூட்டம் முடிவெடுத்தது 1776இல். 88 ஆண்டு. ஆனால் முடிவெடுத்த பிறகு அதே கட்டுக்கோப்புதான் வேலை செய்தது: 1787இல் லண்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்க அமைந்த குழுவின் 12 பேரில் 9 பேர் குவேக்கர்கள். மறுபக்கம், இங்கிலாந்துத் திருச்சபையின் நற்செய்தி பரப்பும் சங்கத்துக்கு 1710இல் ஓர் உயில் மூலம் பார்படோஸில் கோட்ரிங்டன் கரும்புத் தோட்டங்கள் வந்துசேர்ந்தன. அங்கிருந்த அடிமைகளின் மார்பில் 'சொசைட்டி' என்று சூடு போட்டார்கள். வேதம் ஒன்றுதான், கடவுளும் ஒருவர்தான். வேறுபட்டது வேலை நடந்த விதம். ஒரு சபையில் சாதாரண உறுப்பினர் கொடுத்த தாள் தாமதமாகவாவது மேலே ஏற ஒரு படிக்கட்டு இருந்தது. இன்னொன்றில் முடிவெடுத்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள், சங்கத்தின் நற்பணிக்குத் தோட்ட வருமானம் வேண்டியிருந்தது, சூடுபட்டவருக்குப் பேச வாயே இல்லை. வருமானம் வரும் இடத்தைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஆகவே உங்கள் அமைப்பில் பார்க்க வேண்டியவை: பணத்தை வாங்குபவரும் செலவழிப்பவரும் கணக்கைச் சரிபார்ப்பவரும் வெவ்வேறு ஆட்களா? தணிக்கை செய்த கணக்கை உறுப்பினர் கேட்டால் பார்க்க முடியுமா? தலைவரை நீக்க எழுதிவைத்த வழி உண்டா, அது ஒருமுறையாவது பயன்பட்டிருக்கிறதா? வெளியேறினால் எதை இழப்பீர்கள்: வேலையா, வீடா, திருமணச் சம்பந்தமா, பெற்றோருடன் பேச்சா? இழப்பு அதிகமாக இருந்தால், உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையை வைத்து அந்த அமைப்பின் நன்மையை எடைபோடாதீர்கள்.

இவை எல்லாவற்றிலும் முக்கியம் புகார் போகும் வழி. பௌத்த சங்கத்தின் ஒழுக்க விதித் தொகுப்பான விநயம் இதை மிக விரிவாக யோசித்திருக்கிறது. தேரவாதப் பிக்குகளுக்கு 227 விதி, மாதம் இருமுறை உபோசத நாளில் கூடி ஓதுவார்கள், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் 'இதில் தூய்மையாக இருக்கிறீர்களா' என்று மூன்று முறை கேட்கப்படும். மிகக் கடுமையான நான்கு குற்றங்களுக்கு வெளியேற்றம். ஆனால் அங்கே மௌனம் தூய்மை என்று எடுத்துக்கொள்ளப்படும், கேட்பவரும் உள்ளே இருப்பவர், பதில் சொல்பவரும் உள்ளே இருப்பவர். உள்விசாரணை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும் ஓட்டை இதுதான். 2018இல் பென்சில்வேனியாவில் ஒரு நடுவர் குழு ஆறு கத்தோலிக்க மறைமாவட்டங்களின் ஆவணங்களை ஆராய்ந்தபோது, 300க்கும் மேற்பட்ட பாதிரியார்கள்மீதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் குறித்தும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் வெளிவந்தன. புகார்கள் சபைக்குத் தெரியாமல் இல்லை, கோப்புகளில் பத்திரமாக இருந்தன. பாவம் என்று பெயரிட்டதை மன்னித்து இடமாற்றம் செய்யலாம். குற்றம் என்று பெயரிட்டால் காவல்துறைக்குப் போக வேண்டும். உங்கள் அமைப்பு எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது என்று கவனியுங்கள்.

கேட்டுக்கொண்டே உள்ளே இருக்க முடியுமா என்பதற்கு வருகிறேன். முடியும், ஆனால் அமைப்பைப் பொறுத்தது. வேதச் சடங்கை மிகக் கறாராகக் காத்த மீமாம்சகர்கள் என்ற தத்துவப் பிரிவினரே படைப்புக் கடவுளை ஏற்கவில்லை. கருணையால் படைத்தார் என்றால், படைப்புக்கு முன் கருணை காட்ட யார் இருந்தார்கள் என்று கேட்டவர் அந்தப் பிரிவின் அறிஞர் குமாரில பட்டர். அங்கே செய்கைதான் உறுப்பினர் சீட்டு. மாறாக, கிறிஸ்தவ வழிபாட்டில் ஓதப்படும் நீசேயா விசுவாச அறிக்கை போல 'விசுவசிக்கிறேன்' என்று வாயால் சொல்வது வழிபாட்டின் பகுதியாக இருக்கும் சபையில், நீங்கள் ஒவ்வொரு வாரமும் ஒரு வாக்கியத்தை முழுமனதோடு சொல்கிறீர்களா என்ற நெருக்கடி வரும். அங்கே மனப்பூர்வமாகச் சொல்ல முடிந்த வரிகளைச் சொல்லி, முடியாத வரியில் வாய் மூடி நிற்பவர்கள் உண்டு. அப்படிச் செய்வதானால், பொறுப்பில் இருக்கும் ஒருவரிடமாவது முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்கும் முறையிலும் ஒரு விஷயம். கடவுளைப் பற்றிய முதல் தாளை உபதேசிப்பவரிடம் கொண்டுபோங்கள், அமைப்பைப் பற்றிய இரண்டாம் தாளைப் பொருளாளரிடமோ நிர்வாகக் குழுவிடமோ எழுத்தில் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் கணக்குக் கேள்விக்கு 'உனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது' என்ற பதில்தான் வரும். துக்கம் நடந்த வீட்டில் இரண்டு தாளையும் வெளியே எடுக்காதீர்கள். உங்களுக்கே துக்கம் என்றால், முதல் சில மாதம் எழுதி மட்டும் வையுங்கள், எந்த வரியையும் அடிக்க வேண்டாம்.