"ஆயினும்" என்ற சொல் எப்போது வர வேண்டும்?

பெங்களூரு தமிழ்ச் சபைகளிலிருந்து வந்த கேள்விகள் இவை.

லிங்கராஜபுரம்: அக்கா, அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. சுகம் கேட்டு ஜெபித்தால், "அடம்பிடிக்காதே, தேவசித்தத்துக்கு ஒப்புக்கொடு" என்கிறார்கள். கேட்பது தவறா?

தவறே இல்லை தம்பி. சிலுவைக்கு முந்தின இரவு, கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே முதலில் கேட்டார். "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்" என்று, வரப்போகும் பாடு நீங்கும்படி கேட்ட பிறகுதான் "ஆயினும் உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" வருகிறது. அதையும் ஒரே தடவையில் முடிக்கவில்லை. எழுந்து போய், திரும்பி வந்து, மூன்று முறை ஜெபித்தார் என்கிறார் மத்தேயு. வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாக விழுந்தது என்கிறார் லூக்கா. கெத்செமனே என்றால் எண்ணெய்ச் செக்கு என்று பொருள். அப்படிப் பிழியப்பட்ட நேரத்தில் அவர் கூப்பிட்டது "அப்பா" என்று. அது அரமேயச் சொல்தான், ஆனால் நம் வீட்டில் கூப்பிடுவதற்குக் கிட்டத்தட்ட அதே ஒலி!

என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்த இரவு, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஆயினும்" வரவே இல்லை. விடியற்காலையில் பிளாஸ்க்கோடு வந்த டீக்காரர் ஒரு கப்பைக் கையில் கொடுத்தார். அப்போதுதான் அந்தச் சொல் வாயில் வந்தது. நீங்களும் அம்மாவுக்காகக் கேளுங்கள், டயாலிசிஸையும் தவறவிடாதீர்கள்.

சிவாஜிநகர்: தேவனுடைய விருப்பத்தைச் சொல்ல எது சரி, சித்தமா, திருவுளமா?

இரண்டும் ஒன்றுதான். நம் பழைய வேதாகமத்தில் சித்தம், கத்தோலிக்கர் ஜெபத்தில் திருவுளம்.

கம்மனஹள்ளி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். பொறுத்துக்கொள்வதே தேவசித்தம் என்கிறார் எங்கள் ஜெபக்குழுவில் ஒரு பெரியவர்.

இல்லை தங்கச்சி. அடி தேவசித்தம் அல்ல. அப்போஸ்தலன் பவுலைச் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, "ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிக்கலாமா?" என்று சட்டத்தைத்தான் கேட்டார். நீங்களும் கேட்கலாம். 181 மகளிர் உதவி எண். முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள், அப்புறம் ஜெபிப்போம்.

விவேக்நகர்: பிள்ளையை இழந்துவிட்டேன். "உம்முடைய சித்தம்" என்று சொல்ல வாய் வரவில்லை.

சொல்ல வேண்டாம் அம்மா. 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து வையுங்கள். முதல் 2 வசனங்களுக்குள் 4 தடவை "எதுவரைக்கும்" என்று தாவீது கேட்கிறார். அதுவும் ஜெபம்தான். அதை மட்டும் சொல்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். ஞாயிறு ஆராதனையில் கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்லும்போது "உம்முடைய சித்தம்" என்ற வரி வந்தால் பேசாமல் இருங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் உங்களுக்கும் சேர்த்துச் சொல்வார்கள்.